செகண்ட் ஹேண்டில் பி.எம்.டபிள்யூ வாங்கப் போகிறீர்களா? முதலில் பில் கட்டைக் கேளுங்கள்

நான் பி.எம்.டபிள்யூ 320டி கார் பார்க்கப் போன வீட்டில், ஓனர் முதலில் காரைக் காட்டவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். திறந்தால், ஆறு வருடத்து பில்கள் தேதி வாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு. ஆயில் மாற்றியது, பிரேக் பேடு மாற்றியது, பக்கக் கண்ணாடி உடைந்து புதிது போட்டது, பேட்டரி வாங்கியது என்று ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் குறித்திருந்தது. 2016 மாடல், 68,000 கிலோமீட்டர் ஓடியது. அதே வாரம் நான் பார்த்த இன்னொரு கார் இதைவிட ஒரு வருடம் புதியது, விலையும் ஒன்றரை லட்சம் குறைவு, பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. அதற்கு ஒரு பில்கூட இல்லை. அதை ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல்முறையாக பி.எம்.டபிள்யூ வாங்க ஆசைப்பட்டு, புதிதாக வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லாமல், பழையதைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் வந்தேன். நல்ல கார் கிடைத்தால் அதை ஓட்டும் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை. தப்பான கார் கிடைத்தால் வீட்டில் நிம்மதி போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மணி நேரப் பொறுமைதான்.

கம்பெனியின் கதை கொஞ்சம்

வாங்கப் போகிறவருக்குக் கம்பெனியின் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கார் ஏன் இப்படி இருக்கிறது, எதில் செலவு வைக்கிறது என்பதெல்லாம் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

பெயரிலேயே கார் கிடையாது. பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்பதுதான் அந்த மூன்று எழுத்தின் பொருள். ஜெர்மானியர்கள் அதைப் ‘பே எம் வே’ என்று சொல்வார்கள். மியூனிக் நகரில் விமான இன்ஜின் செய்யப் பிறந்த கம்பெனி இது. 1916 மார்ச் 7-ஐத் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. 1917-ல் பதிவு செய்த அந்த வட்ட முத்திரையில் இருக்கும் நீலமும் வெள்ளையும் பவேரிய மாநிலத்தின் நிறங்கள். சுழலும் விமான விசிறி என்று பலரும் சொல்வது 1929-ல் வந்த ஒரு விளம்பரப் படத்தால் பரவிய கதை.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனி விமான இன்ஜின் செய்யக் கூடாது என்று தடை வந்தது. 1923-ல் ஆர்32 என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். 1928-ல் ஐசனாக் நகரத்துக் கார் தொழிற்சாலையை வாங்கி, ஆஸ்டின் 7 என்ற ஆங்கிலேயச் சின்னக் காரை உரிமம் பெற்றுச் செய்ததுதான் கார் தொழிலின் தொடக்கம். முன்பக்கத்தில் இரண்டு சிறுநீரகம் போல இருக்கும் அந்தக் கிரில் 1933-ல் வந்த 303 மாடலில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தக் கம்பெனி வதைமுகாம் கைதிகளையும் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களையும் வைத்து விமான இன்ஜின் செய்தது. அதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டிருக்கிறது. முத்திரையை ரசிக்கிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போருக்குப் பின்னால் நிலைமை மோசம். ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. ஒரு பக்கம் பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் எட்டும் பெரிய கார்கள். இன்னொரு பக்கம், முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டி வண்டி. 507 என்ற அழகான ஸ்போர்ட்ஸ் கார் 250 சொச்சம்தான் விற்றது. நடுவில், நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார் ஒன்றுகூட இல்லை.

1959 டிசம்பர் 9-ந் தேதி மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். கம்பெனியை டைம்லர்-பென்ஸ் கையில் கொடுத்துவிடுவது என்று மேலே இருப்பவர்கள் ஏறக்குறைய முடிவே செய்திருந்தார்கள். சின்னச் சின்னப் பங்குதாரர்களும் டீலர்களும் விடவில்லை. புதிய 700 மாடலை உருவாக்கிய செலவு மொத்தத்தையும் ஒரே வருடக் கணக்கில் எழுதி நஷ்டத்தைப் பெரிதாகக் காட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் காரணத்தால் கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பத்தில் ஒரு பங்கு ஓட்டு போதும். தள்ளிவைத்தார்கள். கம்பெனியை விற்கும் திட்டம் நின்றது. அப்புறம் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் தன் பங்கை உயர்த்திக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். குவாண்ட் குடும்பம்தான் இன்றும் பெரிய பங்குதாரர்.

அந்தப் பணத்தில் பிறந்தது 1961-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டிய 1500. நான்கு கதவு, குடும்பம் உட்காரலாம், ஆனால் ஓட்டுகிறவருக்கும் சுவையாக இருக்கும். இன்றைக்கு வரும் 3 சீரீஸ் வரைக்கும் அந்த எண்ணம்தான். பின்கதவு ஜன்னலின் கடைசி முனை முன்பக்கமாக மடிந்து வளைந்திருக்கும், அடுத்த முறை பாருங்கள். அதுவும் அந்தக் காலத்தில் வந்த அடையாளம்தான். 1972-ல் 5 சீரீஸ், 1975-ல் 3 சீரீஸ், 1977-ல் 7 சீரீஸ் என்று வரிசை நிலைத்தது. அதே 1972-ல்தான் ‘எம்’ என்ற எழுத்துக்குச் சொந்தமான மோட்டார் ஸ்போர்ட் பிரிவும் தொடங்கியது.

நமக்கு நேரடித் தொடர்பு 2007 மார்ச்சில் வந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அவர்கள் தொழிற்சாலை திறந்தார்கள். 3 சீரீஸும் 5 சீரீஸும் முதலில் அங்கே பாகம் பாகமாகப் பூட்டித் தயாராயின. என் காரும் அங்கே பூட்டியதுதான். வாங்கிய அன்று திருச்சிக்கு ஓட்டி வரும்போது பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றேன். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே வண்டி பக்கத்தில் இருக்கும் கேட்டிலிருந்து புத்தம் புதிதாக வெளியே வந்திருக்கும் என்று நினைத்தபோது என்னவோ செய்தது.

ஆக, இது இன்ஜின்காரர்களின் கம்பெனி. ஓட்டும் சுகத்துக்காக இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் நுட்பமாகச் செய்கிறார்கள். அந்த நுட்பம் ஒழுங்கான ஆயிலும் நேரத்துக்குச் சர்வீஸும் கேட்கும். கொடுக்காமல் விட்டால், சின்ன ஹேட்ச்பேக் மாதிரி பொறுத்துப் போகாது.

முதல் படி: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

புதிதில் நாற்பது, ஐம்பது லட்சம் விலை போன கார் ஏழெட்டு வருடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கே வந்துவிடும். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். விலை குறைந்தது காருக்கு மட்டும்தான். அதன் பிரேக் டிஸ்குக்கோ ஹெட்லைட்டுக்கோ ஷாக் அப்சார்பருக்கோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நீங்கள் வாங்குவது பதினைந்து லட்ச ரூபாய் கார், பராமரிக்கப் போவது ஐம்பது லட்ச ரூபாய் கார்.

அதனால் கையில் பதினெட்டு லட்சம் இருந்தால் பதினைந்துக்குள் காரைத் தேடுங்கள். மீதி மூன்றைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முதல் வருடத்தில் அது பெரும்பாலும் தேவைப்படும். தேவைப்படாவிட்டால் இரண்டாவது வருடத்துக்கு ஆகும். மொத்தப் பணத்தையும் கொட்டி, அதற்கு மேல் லோனும் போட்டு வாங்காதீர்கள். தவணை கட்டிக்கொண்டே இருக்கும்போது கியர்பாக்ஸ் செலவு வந்தால் தாங்காது.

இரண்டாவது: எந்த மாடல் என்று தீர்மானியுங்கள்

‘3 சீரீஸ்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு குறியீடு உண்டு. மெக்கானிக்குகளும் பார்ட்ஸ் கடைக்காரர்களும் அந்தக் குறியீட்டில்தான் பேசுவார்கள். 3 சீரீஸ் செடானில் 2005 முதல் 2012 வாக்கில் வந்தது ஈ90. அதன் பின்னால் எஃப்30. 2019 முதல் ஜி20. முதல்முறை வாங்குகிறவருக்கு நான் எஃப்30-ஐத்தான் சொல்வேன். ஈ90-க்கு இப்போது வயதாகிவிட்டது. நம் ஊரில் 15 வருடம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க எஃப்சி காட்ட வேண்டியும் வரும். ஜி20 நல்ல கார், விலை இன்னும் இறங்க வேண்டும்.

டிக்கி மேல் இருக்கும் எண்ணையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 320டி என்றால் 3 சீரீஸ், டீசல். நடுவில் இருக்கும் 20 முன்பு இரண்டு லிட்டரைக் குறித்தது. இப்போது அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது. 330ஐ என்று புதிதாக வருவதும் இரண்டு லிட்டர் இன்ஜின்தான், சக்தி மட்டும் அதிகம்.

இன்ஜின் குறியீடு இதையெல்லாம் விட முக்கியம். 320டி-யில் 2007 வாக்கில் தொடங்கி வந்த என்47 டீசல் இன்ஜினுக்கு டைமிங் செயின் (வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி) பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். செயின் தேய்ந்து சத்தம் போட்டால், மாற்றுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். கூலியே பயமுறுத்தும். கவனிக்காமல் விட்டுச் செயின் அறுந்தால் இன்ஜினே போய்விடும். குறிப்பாக ஆரம்ப வருடங்களில் வந்தவை அதிகம் பாதிக்கப்பட்டன. எஃப்30-ல் 2015-க்குப் பின்னால் வந்த பி47 இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பெட்ரோலிலும் இதே மாதிரிதான். ஆரம்பகால எஃப்30-ல் இருந்த என்20 இன்ஜினில் செயினைத் தாங்கும் கைடு பிளாஸ்டிக், அது உடைந்த கதைகள் நிறைய. பின்னால் வந்த பி48 தேவலை. என்47-ம் என்20-ம் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. செயின் மாற்றிய பில் இருந்தால் தைரியமாகப் பார்க்கலாம்.

டீசலா பெட்ரோலா என்றால், உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். தினமும் நான்கு கிலோமீட்டர் அலுவலகம் போய்வர மட்டும் என்றால் டீசல் வேண்டாம். பி.எஸ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறி எரிந்து சுத்தமாக நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே உருட்டினால் அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறையாவது வெளியூர் போகிறவருக்கு டீசல் அருமை.

மூன்றாவது: காரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

ஆர்சி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் எத்தனையாவது ஓனர், எந்த வருடம், இன்சூரன்ஸ் எது வரை, எந்த வங்கியில் லோன் என்று தெரிந்துவிடும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். லோன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியில் இருக்கும் லோன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

நம்பர் பிளேட்டில் பி.ஒய் என்று இருந்தால் ஒரு கணம் நிறுத்துங்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் சொகுசுக் கார்கள் நிறைய அங்கே பதிவாகியிருக்கும். விலை மலிவாகத் தெரியும். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து, வாழ்நாள் வரி கட்டியாக வேண்டும். அந்தத் தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, கார் விலையோடு கூட்டிப் பாருங்கள். டெல்லி வண்டிகளும் அப்படித்தான். அங்கே 10 வருடம் கடந்த டீசல் கார்களுக்கு வந்த தடையால் பல கார்கள் மலிவாகத் தெற்கே இறங்கின. ஓட்டம் குறைவு என்று மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்புறம் சர்வீஸ் விவரம். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் காரின் சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்தைச் சொன்னால் காரை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஓனரையே அழைத்துப் பேச வைத்து, சர்வீஸ் வரலாற்றை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கும் ஓனரிடம் காரணம் கேளுங்கள். வெளியில் சர்வீஸ் செய்திருந்தால் தப்பில்லை, பில் இருக்க வேண்டும். “மெக்கானிக் நம்ம பையன்தான், பில் எல்லாம் போடமாட்டான்” என்று சொன்னால், கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

நான்காவது: பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் மட்டும் கேட்கும் ஏதோ சத்தத்தை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்த முதல் பத்து விநாடி முன்கண்ணாடிக்குப் பக்கத்தில், இன்ஜினின் பின்புறம் காதை வையுங்கள். சங்கிலியைத் தகரத்தில் இழுப்பது போலச் சரசரவென்று கேட்டால் டைமிங் செயின்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. நான்கு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே வயதா என்று பாருங்கள். நான்கிலும் வேறு வேறு மலிவு டயர் போட்டிருக்கிறவர் ஆயிலில் மட்டும் தாராளமாக இருந்திருக்க மாட்டார். கண்ணாடிகளில் பொறித்திருக்கும் வருடமும் காரின் வருடமும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒரு கண்ணாடி மட்டும் வேறு வருடம் என்றால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம்.

இப்போது அந்தப் பளபள காருக்கு வருகிறேன். உள்ளே ஏறினால் வாசனைத் திரவியம் மூக்கை அடைத்தது. சீட் கவர் புதிது. மிதியடி புதிது. விற்றவர் ஏசியை முழு வேகத்தில் வைத்துவிட்டுப் பாட்டும் போட்டார். நான் ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக யாரும் வெளியே இழுக்காத அந்தக் கடைசி முழத்தில், குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. தேநீர் டம்ளர் வைத்த இடத்தில் மேசைமேல் விழும் கறை மாதிரி. கோட்டுக்குக் கீழே துணி விறைப்பாக, நகத்தால் சுரண்டினால் மாவு போல மண் வந்தது. அப்புறம் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தண்டவாளத்தின் போல்ட்டைத் தடவினேன். விரலில் துரு. டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கினால் பேட்டரிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் காய்ந்த வண்டல்.

வெள்ளத்தில் நின்ற கார். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார் மூழ்கியது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். அதில் பல கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்களுக்கு விற்பனைக்குப் போகின்றன. இந்தக் காரில் தரைவிரிப்புக்குக் கீழேயும் டிக்கியிலும் வயர்களும் மின்னணுப் பெட்டிகளும் இருக்கின்றன. இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக அரிக்க ஆரம்பிக்கும். விற்றவரிடம் ஒரு வார்த்தை சண்டை போடாமல் வெளியே வந்துவிட்டேன். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து அதைச் செய்யாமல் எந்தக் காரையும் வாங்காதீர்கள்.

ஐந்தாவது: ஓட்டிப் பாருங்கள், பிறகு ராம்ப்பில் ஏற்றுங்கள்

கொஞ்ச தூரம் ஊருக்குள், கொஞ்ச தூரம் வெளிச்சாலையில் ஓட்டுங்கள். பிரேக்கை மிதித்தபடி டி-யிலிருந்து (முன்னால் போகும் கியர்) ஆர்-க்கும் (ரிவர்ஸ்) மறுபடி டி-க்கும் மாற்றுங்கள். ‘டொக்’ என்று உதைக்கக் கூடாது. மெதுவாக வேகம் கூட்டும்போது கியர் மாறுவதே தெரியக் கூடாது. எஃப்30-ல் வரும் இசட்.எஃப் கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் உலகத்திலேயே நல்ல கியர்பாக்ஸ்களில் ஒன்று, நல்ல நிலையில் இருந்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். வேகத்தடையில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். முன்னால் ‘தட் தட்’ என்றால் சஸ்பென்ஷனில் புஷ்ஷோ ஆர்மோ போயிருக்கிறது. நம் சாலைகளுக்கு அது சகஜம், பேரம் பேசிக் குறைக்கலாம். வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் செலவு உண்டு.

பிடித்திருந்தால் முன்பணம் கொடுக்கும் முன், பி.எம்.டபிள்யூ வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஊரில் எல்லா வண்டியும் பார்ப்பவர் போதாது. சில ஆயிரம் ரூபாய் கேட்பார், மனமாரக் கொடுங்கள். ராம்ப்பில் ஏற்றி, ஆயில் ஃபில்டர் இருக்கும் பகுதியிலும் இன்ஜின் மேல் மூடியின் ஓரத்திலும் ஆயில் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். வயதாக ஆக ரப்பர் கேஸ்கெட் இறுகிக் கசிவது இந்தக் கார்களில் வழக்கம். கூலண்ட் தொட்டி, குழாய் இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக். நம் வெயிலில் நொறுங்கிவிடும். இணைப்புகளில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் கசிகிறது என்று பொருள்.

காரின் கணினியைப் படிக்கும், இந்தக் கம்பெனிக்கான ஸ்கேனரைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொதுவான மலிவு ஸ்கேனர் காரின் மின்னணுப் பெட்டிகளில் பாதியோடு பேசவே பேசாது. ஓடிய கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை, காரின் வேறு சில பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். மீட்டரை மட்டும் குறைத்திருந்தால் ஸ்கேனில் வேறு எண் வந்து காட்டிக்கொடுத்துவிடும். பழைய பிழைக் குறியீடுகளையும் அச்செடுத்து வையுங்கள். காலையில்தான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள் என்றால் அதுவே ஒரு பதில்.

டீசல் இன்ஜின்களில் ஈ.ஜி.ஆர் (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு) கூலர் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து என்று 2018-ல் கம்பெனியே பல நாடுகளில் கார்களைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் காருக்கு அப்படித் திரும்ப அழைத்துச் செய்ய வேண்டிய வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைச் சொல்லி ஷோரூமில் கேளுங்கள். இருந்தால் இலவசமாகச் செய்து தருவார்கள்.

ஆறாவது: பெயர் மாற்றம்

படிவம் 29, 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாளச் சான்று. பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். பெயர் மாறும்வரை புரோக்கரை மட்டும் நம்பி உட்காராமல் நீங்களே விசாரியுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் தள்ளுபடி அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது தேய்மானம் கழிக்காத பாலிசியும் இன்ஜின் பாதுகாப்பும் சேர்த்து எடுங்கள். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோய், மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அந்த இன்ஜின் பாதுகாப்பு இல்லாமல் பெரும்பாலும் பணம் வராது. தண்ணீரில் நின்றால் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள், சாவியைத் தொடாதீர்கள்.

வாங்கிய முதல் மாதம்

பழைய ஓனர் நேற்றுதான் மாற்றினேன் என்று சொன்னாலும் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டீசலென்றால் டீசல் ஃபில்டரும். அன்றிலிருந்து கணக்கு உங்களுடையது. ஆயில் டப்பாவில் காரின் கையேட்டில் சொன்ன ‘லாங்லைஃப்’ ரகம் எழுதியிருக்க வேண்டும், கம்பெனி எதுவாகவும் இருக்கலாம். காரின் திரை சொல்லும்வரை ஆயில் மாற்றாமல் காத்திருக்காதீர்கள். அந்தக் கணக்கு நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் நீளம். நான் 8,000 கிலோமீட்டரில் மாற்றுகிறேன். கொஞ்சம் அதிகம்தான் என்று என் மெக்கானிக்கே சொல்கிறார், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவர் பேச்சைக் கேளுங்கள். ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வரும், முழுவதும் மாற்ற வேண்டும். குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்துத்தான் ஆயில் அளவைச் சரிபார்க்க வேண்டும். இதைத் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் நானே அடிபட்டேன். இரண்டாவது வருடம் பேட்டரி போனதும் ஊரில் ஒரு கடையில் புதிது போட்டேன். மூன்று மாதத்தில் மறுபடி எச்சரிக்கை விளக்கு. இந்தக் காரில் பேட்டரியை மாற்றினால் அதைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்து அதற்கேற்ப சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். போட்டவருக்கு அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு பேட்டரி விலை தண்டம்.

பார்ட்ஸ் வாங்கும்போது ஒரு வழி இருக்கிறது. கம்பெனிக்கே சப்ளை செய்யும் லெம்ஃபோர்டர், மான், மாலே, பாஷ், இசட்.எஃப் போன்றவர்களின் பார்ட்ஸை அவரவர் பெட்டியிலேயே வாங்கலாம். பி.எம்.டபிள்யூ பெட்டியில் வருவதைவிடக் குறைவு, தரம் இறங்காது. முகம் தெரியாத மலிவுப் பொருளை மட்டும் சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் போடாதீர்கள். பிரேக் பேடு மாற்றும்போது அதோடு இருக்கும் தேய்மான சென்சாரையும் மாற்றுங்கள்.

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கார்களில் பெரும்பாலும் ரன்-ஃபிளாட் டயர் வரும். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். நடுராத்திரி விராலிமலைப் பக்கம் ஆணி ஏறியபோது இதன் அருமை தெரிந்தது, இறங்காமலே வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் பக்கவாட்டு கெட்டி என்பதால் பள்ளம் எல்லாம் முதுகுக்குத் தெரியும். சாதாரண டயருக்கு மாறுகிறவர்கள் உண்டு. மாறினால் டிக்கியில் ஸ்டெப்னியோ காற்றடிக்கும் பம்ப்போ கட்டாயம் வைத்திருங்கள். வாரம் ஒருமுறை, காலையில் ஓட்டத் தொடங்கும் முன் காற்று பாருங்கள். குறைந்த காற்றோடு பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்டுமல்ல, அலாய் வீலும் வளையும்.

வண்டி வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பின்சக்கர ஓட்டமும் ஆட்டோமேட்டிக் கியரும் உள்ள கார் இது, அப்படி இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும். மேலே ஏற்றிச் செல்லும் லாரிதான் வேண்டும். அந்த நம்பரை இப்போதே போனில் சேமித்து வையுங்கள், இன்சூரன்ஸ் பாலிசியில் இலவச உதவி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அந்த பிஸ்கட் டப்பாவையும் ஓனர் காரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். இப்போது அதில் என் பில்கள்தான் அதிகம். மேலே ஒரு சின்ன நோட்டு, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, ரூபாய் என்று நான்கு கட்டம். கார் வாங்கிய அன்று மாலையே நீங்களும் ஒன்றைத் தொடங்குங்கள். என் நோட்டில் அடுத்ததாக எழுதி வைத்திருப்பது கியர்பாக்ஸ் ஆயில், 1,10,000 கிலோமீட்டரில். இன்னும் இரண்டாயிரம் இருக்கிறது.